சவரக்கத்தி பழகுதல்

பதினெட்டாம் நூற்றாண்டிலே பாரிசு மாநகரில் ஜோன் ஜாக் பெரே என்னும் கத்திக் கம்மியர் ஒருவர் வாழ்ந்தார். கத்தி செய்து விற்பதோடு அமையாது, 1769ஆம் ஆண்டில் அவர் ஒரு நூலும் வெளியிட்டார். ஒருவன் தன் முகத்தைத் தானே மழிக்கக் கற்றுக்கொள்வது எவ்வாறு என்பதே அந்நூலின் பொருள். தாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் வெட்டுதலைக் குறிக்கும் சொல்லையும் இணைத்து அதற்குப் பெயரிட்டார்.

இதற்கும் ஒரு நூல் வேண்டுமோ என நேயர்கள் சிலர் வினவலாம். வேண்டியிருந்தது என்பதே விடை. பிறர் முகத்தை மழிக்கும் தொழிலாளர், நாற்காலியைச் சுற்றி நடந்து, தமக்கு வாய்ப்பான பக்கத்தில் நின்று, முகத்தை நேரே கண்டு வேலை செய்கிறார். தன் முகத்தைத் தானே மழிப்பவனோ கண்ணாடியில் தோன்றும் உருவத்தை நம்பிக் கையை அசைக்க வேண்டும். வலக் கன்னத்துக்குப் பொருந்திய பிடி இடக் கன்னத்துக்குப் பொருந்தாது. கையிலிருப்பதோ திறந்த கத்தி. அது செல்லும் இடமோ கழுத்து. அச்சம் இயல்பானதே. பெரே அதனை அறிந்திருந்தார். தச்சருடைய இழைப்புளியில் அலகு சிறிதளவே வெளியே தெரிவதுபோல, சவரக்கத்திக்கும் மரத்தாலான காப்பு ஒன்றைப் பொருத்தினார்.

காப்பிட்ட கத்தி உலகெங்கும் பரவ மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அமெரிக்கரான கிங் காம்ப் ஜில்லெற், தேய்ந்ததும் எறிந்துவிடத்தக்க மெல்லிய பிளேட் கொண்ட சவரக் கருவியை 1903ஆம் ஆண்டில் விற்பனைக்கு விட்டார். அவ்வாண்டில் விற்றவை 51 கருவிகளும் 168 பிளேட்டுகளும் மாத்திரமே. முதலாம் உலகப் போரிலே அமெரிக்கப் படைவீரருக்கு அக்கருவி வழங்கப்பட்ட பின்னர், மடக்குக் கத்தி மெல்ல மெல்ல வீடுகளை விட்டு அகன்றது. எனினும் முற்றாக மறையவில்லை. ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் அது இன்றும் செய்யப்படுகிறது. அதனைப் புதிதாகப் பழக விரும்புவோரும் பல நாடுகளில் இருக்கின்றனர்.

இவ்வாறு பழக வருபவன் வெறுங்கையோடு வருவதில்லை. பிளேட் கருவி கற்பித்த பழக்கத்தோடு வருகிறான். அங்கேதான் இடர் தொடங்குகிறது. பிளேட் கருவி அவனது கவனக்குறைவை மன்னித்தது. மயிர் அகலாவிட்டால் அழுத்தினான், அழுத்தினால் அகன்றது. சவரக்கத்தியில் அழுத்தம் என்பதே ஆகாது. கத்தி தன் சொந்தப் பாரத்தில் இறங்க வேண்டும். அவ்வாறு இறங்காதாயின் குற்றம் கையின் வலிமையில் இல்லை. கூரிலோ, கோணத்திலோ, நுரையிலோ இருக்கிறது. கூர் மழுங்கிய கத்தி அபாயமற்றது என்று கருதுவோர் உளர். உண்மை இதற்கு நேர்மாறானது. மழுங்கிய கத்தி மயிரை அறுக்காமல் இழுக்கும். இழுக்கவே கை அழுத்தும். அழுத்தவே தோல் கிழியும்.

கடையில் வாங்கிய புதுக் கத்தியானாலும் சவரத்துக்கு ஏற்ற கூரோடு வருவதில்லை என்பதைப் பலர் பட்டே அறிகின்றனர். தீட்டுக்கல்லில் அதன் கூரை ஒழுங்கு செய்வது தனியொரு வித்தை. கத்தியின் முதுகும் வாயும் ஒருங்கே கல்லிற் படிய வேண்டும். முதுகின் தடிப்பே கோணத்தை அளந்து தருகிறது. இதனைத் தொடக்கத்திலேயே தானே செய்ய முயலாது, தேர்ந்தவரிடம் ஒப்படைப்பது நன்று. தோல்வாரில் தீட்டுவது மாத்திரம் நாள்தோறும் அவனுடைய கடமை. முதுகு முன்செல்ல, வாய் பின்தொடர, கத்தியைத் தட்டையாக வைத்து இழுக்க வேண்டும். வாரின் முடிவில் முதுகின் மேலாகவே கத்தியைப் புரட்ட வேண்டும். வாயின் மேலாகப் புரட்டினாலோ வாரும் வெட்டுண்ணும், கூரும் கெடும். புதிதாகப் பழகுவோரின் தோல்வார்களிற் காணப்படும் வடுக்கள் எல்லாம் விரைவால் விளைந்தவை. நாற்பது, ஐம்பது தடவை மெதுவாக இழுப்பதற்குச் சில நிமிடங்களே செல்லும். அதற்கும் பொறுமை இல்லாதவன் பிளேட் கருவியோடு இருப்பதே அவன் முகத்துக்கு நல்லது.

எஃகைக் காட்டிலும் மயிர் ஏறத்தாழ ஐம்பது மடங்கு மென்மையானது. அவ்வாறிருக்க, மயிரை வெட்டியே எஃகு கெடுவது எங்ஙனம்? மசாசூசெற்சுத் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர் இதனை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து 2020ஆம் ஆண்டில் விடை கூறினர். கூர் ஒரே சீராகத் தேய்வதில்லை. மயிர் வளைந்து அலகைச் சரிவாகத் தாக்கும்போது, எஃகின் நுண்ணமைப்புச் சீரற்றிருக்கும் இடங்களில் மிகச் சிறு சில்லுகள் பெயர்கின்றன. அவர்கள் ஆராய்ந்தது பிளேட்டின் அலகையே. பிளேட்டை எறிந்துவிடலாம், சவரக்கத்தியைப் பேணியே ஆக வேண்டும். வெந்நீரில் ஊறிய மயிர் நீரை உறிஞ்சி மேலும் மென்மையடைகிறது. ஆகவே இரண்டு மூன்று நிமிடங்கள் முகத்தை நனைத்து, சவர்க்கார நுரையைத் தூரிகையால் நன்கு குழைத்துப் பூசுவது வீண் சடங்கன்று.

முதல் நாட் பாடம் கன்னம் மாத்திரமே. காதின் அருகிலிருந்து தாடையை நோக்கி, மயிர் வளரும் திசையிலேயே கத்தி இறங்க வேண்டும். பெருவிரல் அலகின் அடித்தண்டின் கீழே தாங்க, மூன்று விரல்கள் அதன் மேலே படிய, சிறுவிரல் வளைந்த வாலில் அமர்வது வழக்கமான பிடி. தோலுக்கும் அலகுக்கும் இடையே ஏறத்தாழ 30 பாகைக் கோணம் இருக்கலாம். அதனினும் படுத்தால் மயிர் இழுபடும்; மிக நிமிர்ந்தால் தோல் சுரண்டுண்ணும். உண்மையில் வேலையிற் பாதியைச் செய்வது கத்தி பிடியாத கையே. அது தலைக்கு மேலாக வந்து தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். தளர்ந்த தோல் கத்தியின் முன்னே மடிப்பாக எழும், அம்மடிப்பே வெட்டுண்ணும்.

மற்றொன்றும் இங்கே சொல்லுதற்குரியது. பழுத்த தக்காளியின் மேல் கத்தியை மெல்ல வைத்தால் அது வெட்டாது. சற்றே பக்கவாட்டில் நகர்த்தியதும் தோல் பிளந்துவிடும். முகத்தின் நிலையும் அதுவே. கத்தி தன் வாய்க்குக் குறுக்காகவே செல்ல வேண்டும். வாயின் நீளத்துக்கு ஒருபோதும் நழுவக்கூடாது. தொலைபேசி மணியோ குழந்தையின் குரலோ கேட்டுத் தலையைத் திருப்புபவனுக்கு நேர்வது இந்த நழுவலே. கதவைத் தாழிட்டுக் கொள்வது நலம். கத்தி கைதவறி விழுந்தால் விழவிட வேண்டும். அதை எட்டிப் பிடிக்க முயன்றவர்கள் சவரத்தால் வராத காயத்தைக் கையிற் பெற்றனர்.

கத்தியை இரவல் கொடுப்பதும் ஆகாது, தந்தை மகனுக்காயினும். கண்ணுக்குப் புலப்படாத குருதித் துளியிலும் ஈரல் அழற்சி பீ, சீ வகைக் கிருமிகள் தங்கக்கூடும். எமது சலூன்களில் பழைய கத்தியின் இடத்தில் ஒருவருக்கு ஒன்றாக மாற்றும் அரைப் பிளேட்டுப் பிடி வந்து சேர்ந்ததற்கு நோய்த்தொற்று அச்சமே முக்கிய காரணம். சிறு கீறலுக்கு ஈரப் படிகாரக் கட்டி போதும்.

முதல் வாரம் கன்னங்களை மாத்திரம் கத்தியால் மழித்து, எஞ்சியதைப் பிளேட் கருவியால் முடிப்பதில் இழிவு ஒன்றுமில்லை. அடுத்துக் கழுத்துக்கு வரும்போது, மயிர் எத்திசையில் வளர்கிறது என்பதை விரலால் தடவிப் பார்த்தல் வேண்டும். பலருக்கு அது அங்கே மேல்நோக்கியோ பக்கமாகவோ வளர்ந்திருக்கும். மேலுதடும் மோவாயும் கடைசிப் பாடங்கள். மோவாயின் வளைவில் மயிர் தடிப்பு, அலகு நேரானது, சிறு சிறு அசைவுகளாலன்றி அங்கே வேலை நடவாது. அது கைவரச் சிலருக்கு மாதக்கணக்காகும். அதுவரை ஒவ்வொரு காலையும் சவரம் முடிந்ததும் கத்தியைக் கழுவி, ஈரம் முற்றாக உலர்ந்த பின்னரே மடித்து வைக்க வேண்டும். கடற்கரை ஊரில் வாழ்பவர் எண்ணெய் ஒரு துளியும் தடவி வைப்பர்.