பேரப்பிள்ளைகளும் பிக்கிள்பாலும்

(இராஜபாளையத்தில் நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



பேரப்பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்குதல் என்பது இன்று எமக்களிக்கப்பட்ட விஷயம். கல்வி, விவாகம், வியாபாரம் ஆகியவற்றை ஆலோசிக்கும் இச்சபையில் விளையாட்டுக்கு என்ன இடம் என்று சிலர் நினைக்கலாம். பள்ளி விட்டு வந்த குழந்தை கைப்பேசியுடன் ஒரு மூலையிலும், பாட்டனார் செய்தித்தாளுடன் மறு மூலையிலுமாக, ஒரே கூரையின் கீழ் அந்நியர்போல் வாழும் குடும்பங்கள் நம்முள் பெருகி வருகின்றன. ஆதலின் இது விளையாட்டாகத் தள்ளத்தக்க விஷயமன்று.

நாம் வாலிபராயிருந்த காலத்தில், ஆலைச் சங்கு ஊதியபின் வெறுந்தரையில் சுண்ணாம்புக் கோடிட்டு, மஞ்சள் நிறக் கம்பளிப் பந்தால் பூப்பந்து ஆடுவோம். அவ்வாட்டம் 1856-ஆம் ஆண்டளவில் தஞ்சை அரச குடும்பத்தாரிடையே தோன்றியது என்பர். பக்கத்திற்கு ஐவர், வலை ஆறடி உயரம், பந்து தரையில் விழலாகாது.

எமது மூத்த பேரனுக்குப் பத்து வயதானபோது அதனையே கற்பிக்கப் புகுந்தோம். இங்கே எமது குற்றத்தை மறையாது கூறக் கடமைப்பட்டுள்ளோம். முதல் நாளே, "மணிக்கட்டை மடக்காதே, காலை மாற்று" என்று அதட்டினோம்; தவறியபோதெல்லாம் அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசினோம். பதினைந்தாம் நாள் அவன் மட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, "எனக்கு இதெல்லாம் வராது, தாத்தா" என்றான். பின்னர் பல்லாண்டுகள் அவன் மட்டையைத் தொடவில்லை. எம்மோடு நின்று பேசுவதும் அருகிப்போயிற்று.

இப்பொழுது அவன் பெங்களூரில் உத்தியோகத்தில் இருக்கிறான். ஆடிப்பூரத் தேருக்காக ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தவன், பெட்டியிலிருந்து நான்கு பலகை மட்டைகளையும், துளைகள் நிறைந்த பிளாஸ்டிக் பந்து ஒன்றையும் எடுத்தான். முற்றத்தில் கயிறு கட்டி, முதலில் தன் பாட்டியை அழைத்தான். அவள் அடித்த பந்து கிணற்றடியில் போய் விழுந்தது. அவனோ, "நல்ல அடி, பாட்டி! இன்னும் ஒன்று" என்றான். அந்த 'இன்னும் ஒன்று' என்னும் சொல்லை நாம் அவனுக்கு ஒருநாளும் சொல்லவில்லையே என்று எமது நெஞ்சம் சுட்டது.

அந்த ஆட்டமே பிக்கிள்பால். அது பிறந்த வரலாறும் நமக்குப் பாடமாகும். 1965-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தைச் சேர்ந்த பெயின்பிரிட்ஜ் தீவில், ஜோயல் பிரிட்சர்டு என்பவர் வீட்டில் பிள்ளைகள் பொழுது போகாமல் சலித்திருந்தனர். அவரும் நண்பர் பில் பெல் என்பவரும், பழைய இறகுப்பந்துக் களத்தில், மேஜைப்பந்து மட்டைகளையும் துளைப்பந்தையும் கொண்டு ஓர் ஆட்டத்தைத் தொடங்கினர். பார்னி மெக்காலம் என்பார் பிறகு சேர்ந்துகொள்ள, மூவரும் விதிகளை வகுத்தனர். பெரியவர்கள் "போய் விளையாடுங்கள்" என்று விரட்டாமல், தாமே களத்தில் இறங்கியதால் பிறந்த ஆட்டம் இது.

களம் 44 அடி நீளம், 20 அடி அகலம். வலை ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம். முதற்பந்தைக் கைதாழ்த்தி, குறுக்குமூலைக் கட்டத்திற்கு அடிக்க வேண்டும். அதனை எதிர்ப்பக்கத்தார் தரையில் ஒருமுறை எழும்ப விட்டே திருப்புதல் வேண்டும். திரும்பி வருவதையும் அவ்வாறே. வலைக்கு இருபுறமும் 7 அடிக்குள் நின்று பந்தை அந்தரத்தில் அடித்தலாகாது. ஆகவே பலசாலி வலையருகே நின்று ஓங்கியடித்து எளியவரை வெல்ல வழியில்லை. பாட்டனும் பேத்தியும் சமமாக நிற்பது இவ்விதிகளாலேயே. வழக்கமாகப் பதினொரு புள்ளி, இரண்டு வித்தியாசத்தில், எடுத்தவர் ஜெயித்தவர்.

பழக்கும் முறை வருமாறு. முதல் நாள் மட்டை வேண்டா. பந்தைத் தரையில் எழுப்பிக் கையால் பிடிக்கச் செய்யுங்கள். அடுத்து, இருவரும் வலைக்கு அருகே நின்று மெல்லத் தட்டுங்கள். புள்ளி எண்ணாமல், இருவரும் சேர்ந்து தவறாமல் எத்தனை முறை தட்டினோம் என்று எண்ணுங்கள். நேற்று ஆறு, இன்று ஒன்பது என்றால் அது இருவருக்கும் வெற்றி. ஒரு நாளைக்கு ஒரு திருத்தத்திற்குமேல் சொல்லாதீர்கள். குழந்தை "போதும்" என்னுமுன் நிறுத்துங்கள். மறுநாள் தானே வந்து அழைக்கும்.

செலவுக்கு அஞ்ச வேண்டா. மர மட்டைகள் போதும். நமது சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியை மூன்றடி உயரக் கயிற்றில் தொங்கவிட்டால் அதுவே வலை.

முதியோருக்கு ஓர் எச்சரிக்கை. தலைக்கு மேல் செல்லும் பந்தைப் பின்னோக்கி ஓடித் துரத்தாதீர்கள். வீழ்ந்து எலும்பு முறிவது அவ்வாறே. வழுக்காத காலணி அணிக. வெயில் ஏறுமுன்போ சாய்ந்தபின்போ ஆடுக. இருதய நோயோ மூட்டுவலியோ உள்ளவர் வைத்தியரைக் கேட்டே இறங்குக.

இறுதியாகச் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நமது கல்யாண மண்டபத்தின் பின்புறக் களம் முகூர்த்தமில்லா நாட்களில் வெறுமையாய்க் கிடக்கிறது. அதில் கோடு கிழிக்க அனுமதி தாருங்கள். பெண் குழந்தைகளை, வயது வந்ததும் "இனிப் போதும்" என்று வீட்டுக்குள் நிறுத்தாதீர்கள். அத்தெருவின் பிள்ளைகள் எக்குலத்தவராயினும் வாயிலில் நின்று ஏங்கும்படி விடாதீர்கள். தனித்து ஆடுவதற்கு எந்தப் பந்தும் எழும்பாது.

தேரோட்டம் முடிந்து ஊருக்குப் புறப்படுகையில், எமது பேரன் இரண்டு மட்டைகளைத் தன் தங்கையிடம் விட்டுச் சென்றான். "தாத்தாவுக்குக் கற்றுக்கொடு, அதட்டாதே" என்று சொல்லிப் போனான். அச்சிறுமி எம்மை இதுவரை அதட்டவில்லை. நேற்று இருபத்திரண்டு தட்டினோம்.