சாம்பல் பேசாது, காகிதம் பேசும்



எனக்கு முன்னாடி பேசின நண்பர் என்ன சொன்னார்? "பழைய காகிதத்தைப் பூட்டி வச்சு என்னய்யா பயன்? நடந்தது நடந்து போச்சு, மறந்துட்டு வேலையைப் பாருங்க"ன்னார். நீங்களும் கை தட்டினீங்க. நான் கேக்கறேன், அவர் வீட்டுப் பத்திரத்தை மட்டும் ஏன் பீரோவுல வச்சுப் பூட்டறார்? (சிரிப்பு)

ஒரு முழ நிலத்துக்கே பத்திரம் வேணும்னா, ஒரு நாடு பட்ட அடிக்கு வேண்டாமா?

ஆப்பிரிக்காவில் கென்யா. பிரிட்டிஷ்காரர்கள் ஆண்ட நாடு. நிலத்தை இழந்த கிகுயு மக்கள் கிளர்ந்து எழுந்தாங்க. 1952-ல் நெருக்கடி நிலை. ஆயிரக்கணக்கான பேரை முகாம்களில் அடைச்சு வதைச்சாங்க. 1963-ல் சுதந்திரம் கொடுத்துட்டுக் கிளம்பணும். போகும்போது என்ன செஞ்சாங்க தெரியுமா? தங்களுக்குத் தலைகுனிவு தரக்கூடிய கோப்புகளைப் புதிய அரசுகிட்ட கொடுக்காதேன்னு மேலிடத்து உத்தரவு. ஒரு பகுதியை எரிச்சாங்க. எரிச்ச சாம்பலையும் பொடியாக்கணுமாம்! கடல்ல போடறதா இருந்தா, கனமான பெட்டியில வச்சு, கரைக்கு ரொம்ப தூரத்துல, ஆழத்துல போடணுமாம்! மீதியை விமானத்துல ஏத்தி லண்டனுக்கு அனுப்பிட்டாங்க.

காகிதத்துக்குப் பயன் இல்லைன்னா, ஐயா, அதுக்கு ஏன் இத்தனை பயம்? (கைதட்டல்)

2009-ல் கென்யாவின் முதியவர்கள் அஞ்சு பேர் லண்டன் உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாங்க. உடம்புல தழும்பு இருந்தது. ஆனா தழும்பைப் பாத்தா யார் போட்டதுன்னு எழுதியா இருக்கு? வரலாற்றுப் பேராசிரியர்கள், "காகிதம் இருக்கணுமே"ன்னு விடாம கேட்டாங்க. 2011-ல் பிரிட்டிஷ் அரசு ஒத்துக்கிச்சு. ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில், 37 முன்னாள் காலனிகளின் கோப்புகள், சுமார் 8,800, அரை நூற்றாண்டா மறைஞ்சு கிடந்தன!

அதுல ஒரு கடிதம். 1957-ல் கென்யாவின் அரசுத் தலைமை வழக்கறிஞர் எரிக் கிரிஃபித்-ஜோன்ஸ், கவர்னர் எவ்லின் பேரிங்குக்கு எழுதினது. பாவம் செய்யறதா இருந்தா சத்தமில்லாம செய்யணும் என்பது அவர் யோசனை. "வெள்ளைக்காரன் எழுதி வச்ச காகிதத்தை எப்படி நம்பறது?"ன்னு நண்பர் கேட்டாரே, அவன் கையெழுத்தே அவனுக்கு எதிரா சாட்சி சொல்லுது, இதைவிட என்ன வேணும்?

2013-ல் வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஹேக் நாடாளுமன்றத்தில் எழுந்து, சித்திரவதை நடந்தது உண்மை, வருந்துகிறோம் என்றார். 5,228 பேருக்காக, வழக்குச் செலவு உட்பட 1 கோடியே 99 லட்சம் பவுண்டு. பணம் பெரிசு இல்லைங்க. "கிழவன் பொய் சொல்றான்"னு இனி எவனும் சொல்ல முடியாதே, அதுதான் பெரிசு!

நண்பர்களே, மறப்பதும் மன்னிப்பதும் அடிபட்டவனின் உரிமை. அடிச்சவன் கையில தீப்பெட்டியோட வந்து, "மறந்துடு"ன்னு சொல்லக் கூடாது. (பலத்த கைதட்டல்)

ஆகவே, பழைய ஆவணங்களைக் காப்பது வீண்செலவு அல்ல, கடமையே என்று நடுவர் அவர்கள் தீர்ப்பு வழங்க வேண்டும் எனக் கேட்டு விடைபெறுகிறேன்.