கதவைத் தட்டுவது யார்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் விடுதியில் இருந்தவர்களுக்கு ராத்திரி 'ரெய்டு' மறந்திருக்காது. வார்டன் செருப்புச் சத்தம் கேட்டதுமே ஹீட்டர் காயில் கட்டிலுக்கு அடியில் போய்விடும். பயந்தோம், வாஸ்தவம்தான். ஆனால் வந்திருப்பது யார் என்ற சந்தேகம் ஒருநாளும் வந்ததில்லை. அந்தச் சந்தேகம் வந்த ஓர் ஊரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரம், 2017 அக்டோபர் 1 இரவு. மாண்டலே பே என்ற கேசினோ ஹோட்டலின் 32-வது மாடியிலிருந்து ஒருவன், எதிரே திறந்தவெளி இசைவிழாவில் கூடியிருந்தவர்களைச் சுட்டான். சுமார் 10 நிமிடத்தில் 1,000-க்கும் மேற்பட்ட குண்டுகள். பின்னாளில் காயங்களால் மாண்டவர்களையும் சேர்த்து 60 பேர் பலி. முந்தைய சில நாட்களில் 20-க்கும் மேற்பட்ட பெட்டிகளை அறைக்குக் கொண்டுபோயிருக்கிறான். ஹோட்டல் சிப்பந்திகளே சிலவற்றைத் தூக்கிச் செல்ல உதவியிருக்கிறார்கள். பெட்டிகளைத் திறந்து பார்க்கும் வழக்கமே அங்கு இல்லை.

அதன்பின் விதிகள் மாறின. 'தொந்தரவு செய்யாதீர்' அட்டை தொங்கினாலும் அறையைப் பார்ப்போம் என்று பல கேசினோ ஹோட்டல்கள் அறிவித்தன. நியாயம்தானே? 60 உயிர் போன பிறகு யார் வேண்டாம் என்பார்கள்?

ஆனால் 2018 ஆகஸ்டில் சீசர்ஸ் பேலஸ் ஹோட்டலில் 'டெஃப் கான்' மாநாடு நடந்தது. கணினிப் பாதுகாப்பு வல்லுநர்கள் ஆயிரக்கணக்கில் கூடும் இடம். அங்கே அறைச் சோதனை பெரிய சர்ச்சையாயிற்று. தனியாகத் தங்கியிருந்த பெண்கள் சிலர் மிகவும் மிரண்டுபோனார்கள். தட்டியவர் நிஜமாகவே ஹோட்டல் காவலர்தானா என்று உறுதி செய்துகொள்வதே அவர்களுக்குப் பெரும்பாடாகிவிட்டது.

இங்கேதான் எஞ்சினியர் மூளை விழித்துக்கொள்கிறது. விருந்தாளி யார் என்பது ஹோட்டலுக்குத் தெரியும். அடையாள அட்டை, கிரெடிட் கார்டு எல்லாம் வாங்கிப் பார்த்துவிட்டார்கள். வந்து நிற்பவர் யார் என்பது விருந்தாளிக்கு எப்படித் தெரியும்? சீருடையை எந்தத் தையல்காரரும் தைத்துத் தருவார். அட்டையை எந்தக் கடையிலும் அச்சடிக்கலாம். நெட்வொர்க் பாடம் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு இது புதிதல்ல: ஒரு பக்கம் மட்டும் சரிபார்த்தால் போதாது, இரு பக்கமும் சரிபார்க்க வேண்டும்.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. அறை கொடுக்கும்போதே, "இத்தனை மணிக்கொரு தரம் பார்ப்போம், இருவராக வருவோம்" என்று சொல்லிவிடலாம். வருமுன் வரவேற்பறையிலிருந்து ஒரு போன் செய்யலாம். விருந்தாளி திருப்பி விசாரித்தால் ஒரே நிமிடத்தில் பதில் கிடைக்க வேண்டும்.

வெளியூரில் தங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யாராவது தட்டினால் சங்கிலியைக் கழற்றாதீர்கள். அவர் தரும் எண்ணுக்குப் பேசாதீர்கள். அறையில் இருக்கும் போனிலிருந்து நீங்களே வரவேற்பறையைக் கூப்பிட்டுக் கேளுங்கள். "ஒரு நிமிஷம் இருங்க சார், கேட்டுட்டுத் திறக்கிறேன்" என்றால் நிஜமான காவலர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மாணவச் செல்வங்களே, நாளை இத்தகைய பூட்டுகளையும் கேமராக்களையும் செய்யப்போவது நீங்கள்தான். வடிவமைக்கும்போது கதவுக்கு வெளியே நிற்பவரை மட்டும் நினைக்காதீர்கள். உள்ளே தனியாக இருப்பவரையும் நினையுங்கள்.

இப்போதும் விடுதியில் யாராவது காயில் வைத்திருந்தால், அதை நான் பார்க்கவில்லை.