எடை உண்டு, பேர் இல்லை



1920இல் மறுபடியும் லண்டன் போன அண்ணல் அம்பேத்கர், அரைவயிற்றோடு நூலகங்களில் கிடந்து படித்து 1923இல் டி.எஸ்சி. பட்டம் வாங்கினார். முதுகலை வரலாறு படிக்கப் போன எனக்கும் அதுதான் தைரியம். அன்றைய இந்தியா ஆபீஸ் ஆவணங்கள் இப்ப பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கு. வாசகர் அட்டைக்குக் காசு கிடையாது.

அங்கே சென்னை மாகாண ஏற்றுமதிக் கணக்கைப் புரட்டினேன். நம்ம பக்கம் ஆவாரம் பட்டையில் பதப்படுத்திய தோல் லண்டன் சந்தைக்குத்தான் போயிருக்கு. தேம்ஸ் தென்கரையில் பெர்மாண்ட்சி என்ற தோல் பேட்டையையும் போய்ப் பார்த்தேன். 1830களில் கட்டிய தோல் சந்தை இன்னும் நிக்குது.

கணக்கில் தோலுக்கு எடை உண்டு, விலை உண்டு. சுண்ணாம்புக் குழியில் நின்று கால் வெந்தவனுக்குப் பேர் இல்லை!

2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத்தொட்டி உடைந்து 10 தொழிலாளர் செத்தாங்க. அது செய்தியாச்சு. அதுக்கு முன்னே குழியில் செத்தவங்களை யார் எழுதி வைத்தார்?

பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி சேரிகளில் தோல் ஷாப்பில் உழைத்த தாத்தா, ஆயா இன்னும் இருக்காங்க. அவங்க வாய்மொழியை, பேர் போட்டு, தேதி போட்டு எழுதுங்க. நம்ம ஆவணக் காப்பகத்தை நாமதான் கட்டணும்.