கபூகி மேடைக்கு ஒரு சிறுவன் சென்ற வழி



ஒரு கலை சில குடும்பங்களுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. அந்தக் குடும்பங்களில் பிறவாத ஒரு பிள்ளைக்கு அதைக் கற்க ஆசை பிறக்கிறது. அவன் என்ன செய்வான்? வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதானா? ஜப்பான் நாட்டின் கபூகி நாடகக் கலை இந்தக் கேள்விக்கு என்ன விடை சொல்கிறது என்பதை இன்று காண்போம்.

முதலில் கபூகி என்பது என்னவென்று பார்த்துவிடுவோம். 1603ஆம் ஆண்டளவில் கியோத்தோ நகரில் ஒகுனி என்னும் பெண் ஆடிய ஆட்டத்திலிருந்து இக்கலை தோன்றியது. ஆனால் 1629இல் பெண்கள் மேடையேறக் கூடாதென்று அரசு தடை விதித்தது. பிறகு இளைஞர்கள் ஆடினார்கள். 1652இல் அதற்கும் தடை வந்தது. அன்று முதல் பெரியவர்களான ஆண்களே பெண் வேடத்தையும் ஏற்று நடிக்கும் வழக்கம் நிலைத்தது. அப்படிப் பெண் வேடம் தாங்குபவரை 'ஒன்னகத்தா' என்பார்கள். தெருக்கூத்துப் பார்த்து வளர்ந்த நம் பெரியவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

கபூகி மேடையிலிருந்து ஒரு நடைபாதை ரசிகர்களின் நடுவே அரங்கத்தின் பின்பக்கம் வரை நீண்டு செல்லும். அதற்குப் பூப்பாதை என்று பெயர். நடிகர் அதன்மேல் நடந்து வருவார். மூன்று தந்திகள் கொண்ட ஷாமிசென் என்னும் வாத்தியம் ஒலிக்கும். கதை உச்சத்தை எட்டும்போது கதாநாயகன் கண்ணை உருட்டி, கை கால்களை விரித்து, சிலைபோல அப்படியே நின்றுவிடுவான். அந்த நேரத்தில் ரசிகர் கூட்டத்திலிருந்து ஒரு குரல் கிளம்பும். அந்தக் குரல் கூவி அழைப்பது பெரும்பாலும் நடிகரின் குடும்பப் பட்டத்தைத்தான்!

இதிலிருந்தே கபூகியில் குடும்பம் எவ்வளவு முக்கியம் என்பது உங்களுக்கு விளங்கும். அங்கே நடிகரின் பெயர்கூடச் சொத்துப் போன்றது. தந்தையின் பெயரை மகன் ஏற்பான். இச்சிக்காவா டஞ்சூரோ என்ற புகழ்பெற்ற பெயரை 2022ஆம் ஆண்டு 13ஆவது ஆளாக ஒரு நடிகர் ஏற்றுக்கொண்டார். இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளை, பேசப் பழகும் வயதிலேயே மேடைக்குப் பழகிவிடுகிறது.

அப்படியானால் வெளியிலிருந்து வரும் பிள்ளையின் கதி என்ன?

1950ஆம் ஆண்டு தோக்கியோ நகரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அது கபூகி நடிகர் வீட்டுப் பிள்ளையன்று. போதாக்குறைக்கு, ஒன்றரை வயதளவில் அக்குழந்தையை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. கால் பாதிக்கப்பட்டது. காலுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று சிறுவனை நடனம் பழக விட்டார்கள். மருந்தாக வந்த நடனம் அவனுக்கு உயிராகிவிட்டது!

மொரீத்தா கன்யா என்ற பெயரைத் தாங்கிய 14ஆவது கபூகி நடிகர் அவனைச் சீடனாக ஏற்றார். 1957 டிசம்பரில், ஏழாம் வயதில், அவன் முதன்முதலாக மேடையேறினான். 1964இல் அந்தக் குரு அவனை முறைப்படி தம் மகனாகத் தத்து எடுத்துக்கொண்டார். பந்தோ தமாசபுரோ என்னும் பரம்பரைப் பெயரையும் அவனுக்குச் சூட்டினார். அந்தப் பெயரை ஏற்றவர்களில் அவர் ஐந்தாமவர்.

நேயர்களே, பெயர் கிடைத்துவிட்டால் கலை வந்துவிடுமா? தமாசபுரோ வளர்ந்தபோது நல்ல உயரமாக வளர்ந்தார். பெண் வேடத்துக்கு அது இடைஞ்சல். ஒன்னகத்தா நடிகர்கள் முழங்கால்களைச் சேர்த்துச் சற்றே மடித்து, தோள்களைப் பின்னுக்கு இழுத்துத் தாழ்த்தி, தங்கள் உருவத்தைச் சிறியதாகக் காட்டுவார்கள். கனமான உடையோடும் தலையில் பொய்முடியோடும் நெடுநேரம் அப்படி ஆடவேண்டும். நோயுற்ற காலோடு தொடங்கிய பிள்ளை இதைப் பழகித் தேர்ந்தது என்றால், அது எத்தனை ஆண்டு உழைப்பு என்பதை எண்ணிப் பாருங்கள். 1984இல் அமெரிக்காவின் நியூயார்க் நகரப் பெரும் இசைநாடக அரங்கில் அவர் கொக்குப் பெண்ணாக ஆடினார். 2012இல் ஜப்பானிய அரசு அவரை 'வாழும் தேசியச் செல்வம்' என்று மக்கள் வழங்கும் உயர்ந்த நிலையில் வைத்துச் சிறப்பித்தது.

தத்துப்பிள்ளையாகும் பேறு எல்லாருக்கும் வாய்க்காது. ஆகவே இன்னொரு வாசலும் திறக்கப்பட்டது. தோக்கியோ தேசிய நாடக அரங்கம் 1970ஆம் ஆண்டு கபூகி நடிகர்களுக்கான பயிற்சியைத் தொடங்கியது. எந்தக் குடும்பத்து இளைஞனும் சேரலாம். பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. நடிப்பு, நடனம், ஷாமிசென், பாட்டு, முகப்பூச்சு, உடை அணியும் முறை, சண்டைக் காட்சியில் குட்டிக்கரணம் போடுவது எல்லாம் கற்றுத் தருகிறார்கள். பயிற்சி முடிந்ததும் ஒரு மூத்த நடிகரிடம் சீடனாகச் சேரவேண்டும். இன்று கபூகி நடிகர்களில் பத்துப் பேருக்கு ஏறக்குறைய மூவர் இந்த வழியாக வந்தவர்களே.

ஆனால் ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. இந்த இரு வாசல்களும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய் விடுவதில்லை. பெரிய கதாநாயக வேடங்கள் இன்றும் பெரும்பாலும் பெரிய குடும்பத்தாருக்கே போகின்றன. பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்தவர் பல ஆண்டுகள் வீரனாக, பணிப்பெண்ணாக, கூட்டத்தில் ஒருவராக நிற்பார். திறமை இருந்தும் தலைமை வேடம் எட்டாமல் போகலாம். இது நியாயமா என்ற கேள்வி ஜப்பானிலும் எழாமல் இல்லை.

இருந்தும் அந்தச் சீடர்கள் இல்லாவிட்டால் மேடை என்னவாகும்? மேடையில் கதாநாயகியின் உடை ஒரு நொடியில் நிறம் மாறும் காட்சி உண்டு. பின்னால் அமர்ந்திருக்கும் உதவியாளர், உடையைப் பிணைத்திருக்கும் நூல்களைச் சரியான நேரத்தில் உருவுகிறார். மேலுடை கழன்று உள்ளுடை வெளிப்படுகிறது. பெரும்பாலும் சீடர் ஒருவரே அந்த வேலையைச் செய்வார். ஒரு நூல் சிக்கினால் ஆட்டமே கெட்டுவிடும். கைத்தட்டல் ஆடுபவருக்கு, ஆட்டத்தின் மானமோ அந்தச் சீடரின் விரல் நுனியில்! கதாநாயகன் கையை ஓங்கியதும் அந்தரத்தில் கரணமடித்து விழும் வீரர்கள் இல்லையென்றால், நாயகனின் வீரத்தை யார் நம்புவார்கள்?

பெற்றோர்களே, தாய்மார்களே! நம் பிள்ளைகளிடம் ஆடவோ பாடவோ வரையவோ ஆசை தென்படும்போது, 'நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?' என்று ஒரே சொல்லில் அடைத்துவிடாதீர்கள். தமாசபுரோவுக்கு முதலில் கிடைத்தது புகழ் அன்று. கால் நோயோடு ஆடப் பழக ஓர் இடமும், கற்றுக்கொடுக்க ஒரு குருவுமே. அந்த இரண்டையும் தேடித் தருவது பெரியவர்கள் கடமை. நாள் தவறாமல் பழகுவது பிள்ளையின் கடமை. எல்லாரும் தலைமை வேடம் தாங்க முடியாமற் போகலாம். ஆனால் தம் வேலையைப் பிழையின்றிச் செய்யும் ஒருவருக்கு எந்த மேடையிலும் இடம் உண்டு.