சித்திரம் என்றொரு பாடம்



இலக்கியத் தொடர் ஒன்றிலே தமிழாசிரியன் ஒருவன் சித்திரப் பாடத்தைப் பற்றிப் பேசப் புறப்பட்டது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். அதற்குக் காரணமாக அமைந்தவர் ஒரு தகப்பனார்.

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளிவந்து, உயர்தர வகுப்புக்குப் பாடங்களைத் தெரிவு செய்யும் நாட்களில் எங்கள் ஆசிரியர் அறை வாசலிலே பெற்றோர் காத்து நிற்பார்கள். அப்படியொரு நாளில், கொட்டாஞ்சேனையிலே பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவர் தமது மகனையும் அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மகன் என்னுடைய வகுப்பு மாணவன். தமிழில் 'பி', சித்திரத்தில் 'ஏ'. உயர்தரத்துக்குத் தமிழ், இந்து நாகரிகம், சித்திரம் என்று விண்ணப்பப் படிவத்தில் எழுதியிருந்தான். மூன்றாவதை வெட்டிவிட்டுப் புவியியல் என்று போட்டுத் தரும்படி தகப்பனார் கேட்டார்.

"படம் கீறுறதையும் ஒரு பாடமெண்டு ரெண்டு வருசம் படிக்கிறதே, சேர்? கெட்டிக்காரப் பிள்ளையள் எடுக்கிற பாடமே இது?"

பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "நாளைக்கு வாருங்கள், ஐயா. இவருடைய சித்திரக் கொப்பியையும் எடுத்து வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் இதே வசனத்தை நானும் கேட்டவன். சாதாரண தரத்திலே எனக்கும் சித்திரம் நன்றாக வந்தது. நான் படித்த பாடசாலையில் உயர்தரத்துக்கு அதைத் தமிழிலே கற்பிக்க ஆளில்லை, வீட்டிலும் விருப்பமில்லை. பெட்டியிலே போட்ட வர்ணக் குப்பிகள் காய்ந்து கல்லாகிப் போயின. அதனால் நான் கெட்டுப் போகவில்லை. தமிழ் எனக்குக் கிடைத்தது. ஆனாலும் எதை இழந்தேன் என்பது, தமிழைக் கற்பிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது.

பத்தாம், பதினோராம் ஆண்டுகளிலே சித்திரம் படிப்பது ஓர் இடைப்பட்ட நிலை. சின்ன வகுப்பிலே பிள்ளை எதையும் துணிந்து வரையும். இரண்டு மலை, நடுவிலே உதயசூரியன், கீழே ஓர் ஆறு, ஒரு வீடு, ஒரு தென்னை. வெள்ளவத்தையிலே கடலைப் பார்த்துக்கொண்டு வளர்கின்ற, மலையையே காணாத பிள்ளையும் இந்த இரண்டு மலைகளைத்தான் வரைகின்றது! பதினைந்து வயதிலே அந்தத் துணிவு போய்விடுகிறது. தான் வரைந்தது பொருளைப் போல இல்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறது. சரியாக வரையக் கைக்குத் தெரியவில்லை. பலர் பென்சிலைக் கீழே வைப்பது இந்த வயதிலேதான்.

இந்த வயதில் ஆசிரியர் செய்வது சிறிய காரியம். மேசையிலே ஒரு செம்பு, இரண்டு கத்தரிக்காய், பின்னாலே மடித்த ஒரு சேலைத் துண்டு. பார்த்து வரையச் சொல்லுகிறார். செம்பின் வாய் வட்டம் என்று மாணவனுடைய மனம் சொல்லுகிறது. ஆகவே வட்டமாகவே வரைகிறான். செம்பு மேசையிலே தட்டையாக இருக்கிறது என்பதும் அவனுக்குத் தெரியும். ஆகவே அடியை நேர்கோடாக இழுக்கிறான். ஆசிரியர் வந்து, "உமக்குத் தெரிந்ததைக் கீறாதேயும் தம்பி, காண்பதைக் கீறும்" என்கிறார். பையன் மறுபடி பார்க்கிறான். இருந்த இடத்திலிருந்து பார்த்தால் வாய் வட்டமில்லை, ஒடுங்கிய நீள்வட்டம். அடியும் நேர்கோடில்லை, மெல்ல வளைகிறது. பதினைந்து வருடமாகத் தண்ணீர் குடித்த செம்பை அவன் அன்றைக்குத்தான் பார்க்கிறான்.

நேயர்களே, தமிழ்க் கட்டுரை எழுதுவிக்கும் நான் ஆண்டுதோறும் இதே நோயோடுதான் மல்லுக்கட்டுகிறேன். 'நான் கண்ட மழைக்காட்சி' என்று தலைப்புக் கொடுத்தால் முப்பத்தைந்து கொப்பியிலும் மயில் ஆடும். காலி வீதியில் எந்த மயில் ஆடியது? தெரிந்ததை எழுதுகிறார்கள், கண்டதை எழுதுகிறார்களில்லை.

பார்த்து வரையும் இந்தப் பயிற்சி நம் பாடசாலைகளுக்குச் சுலபமாக வந்துவிடவில்லை. முன்னாளிலே சித்திர வகுப்பென்றால், அச்சடித்த படமொன்றைப் பிரதி பண்ணும் வகுப்பு. 1920களிலே கல்வித் திணைக்களத்தின் சித்திரப் பரிசோதகராக இருந்த சி. எப். வின்சர் என்ற ஆங்கிலேயர் இந்தப் போக்கை மாற்ற முனைந்தார். அவருக்குப் பின் அந்தப் பொறுப்புக்கு வந்த ஜெப்ரி பீலிங், 1943 இல் கொழும்பிலே தோன்றிய '43 குழு' ஓவியர்களில் ஒருவர். யாழ்ப்பாணத்திலே சித்திரப் பரிசோதகராக விளங்கிய எஸ். ஆர். கனகசபை 1938 இல் 'வின்சர் ஆர்ட் கிளப்' என்ற கழகத்தை நிறுவி, சித்திர ஆசிரியர்களை ஒன்று சேர்த்தார். பரிசோதகர் ஒருவரின் பெயரால் ஆசிரியர்கள் கழகம் வைத்துக்கொண்டது இந்நாட்டிலே வேறெந்தப் பாடத்திலும் நடந்ததாக நானறியேன்! 1933 இலே பிறந்து, கொழும்பு அரசினர் நுண்கலைக் கல்லூரியிற் பயின்று, பின்பு வடக்கிலே எத்தனையோ இளைஞருக்குக் கோடு பிடிக்கக் கற்றுக்கொடுத்த அ. மாற்கு மாஸ்டரையும் இங்கே நினைக்க வேண்டும். 1995 இடப்பெயர்விலே தமது ஓவியங்களிற் பலவற்றை இழந்து, 2000 ஆம் ஆண்டிலே காலமானவர் அவர். இவர்கள் எல்லாரும் பாடசாலை ஆசிரியர்கள், அல்லது பாடசாலைகளைச் சுற்றி வந்தவர்கள்.

இவ்வளவும் நடந்த நாட்டிலே, இன்றைக்குச் சித்திரமும் மனனப் பாடமாகிக்கொண்டு வருகிறது. சாதாரண தரச் சித்திரத்திலே எழுத்து வினாத்தாள் ஒன்று உண்டு. சிகிரியா, பொலன்னறுவை, கண்டிக் காலத்துத் தெகல்தொருவ விகாரை, அஜந்தா, ஐரோப்பிய மறுமலர்ச்சி எல்லாம் அதற்குள் வரும். ஒருநாள் ஒரு மாணவனுடைய கையிலே ஒரு டியூட்டறிக் குறிப்பைக் கண்டேன். சிகிரியா ஓவியங்களிலே கையாளப்பட்ட வர்ணங்கள் யாவை என்று கேள்வி, கீழே விடை. பக்கத்திலே படம். போட்டோப் பிரதி என்றபடியால் படம் முழுக்கக் கறுப்பு. மூக்கு எது முழி எது என்று தெரியவில்லை. அதை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை வர்ணங்களின் பெயரைப் பாடமாக்கிக்கொண்டிருந்தது. பொரளை கோதமி விகாரையிலே ஜோர்ஜ் கீற் 1940 ஆம் ஆண்டளவில் வரைந்து முடித்த சுவரோவியங்கள் இருக்கின்றன. அதைப் பற்றியும் குறிப்பிலே நாலு வரி. வெள்ளவத்தையிலிருந்து பொரளைக்குப் பஸ்ஸிலே போகச் செலவாகும் நேரம், அந்த நாலு வரியைப் பாடமாக்கும் நேரத்திலும் மிக அதிகமாக இராது.

எங்கள் சித்திர ஆசிரியை இதற்கு மாறானவர். ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளைகளை நூதனசாலைக்கு அழைத்துப் போனபோது துணைக்கு என்னையும் கூப்பிட்டார். 1877 இல் திறக்கப்பட்ட கட்டடம் அது. கலாயோகி ஆனந்த குமாரசுவாமி கொழும்பிலே பிறந்ததும் அதே ஆண்டிலேதான். பொலன்னறுவைச் சிவன் கோயில்களின் இடிபாடுகளில் 1907, 1908 ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தெடுத்த வெண்கலங்கள் அங்கே இருக்கின்றன. அவற்றைப் பற்றிக் குமாரசுவாமி 1914 இல் ஒரு நூலே எழுதினார். நடராசர் முன்னிலையிலே பிள்ளைகளை நிலத்தில் இருத்திவிட்டு ஆசிரியை சொன்னார்: "நடராசரை ஒருவரும் கீறவேண்டாம். கைகளுக்கும் கால்களுக்கும் திருவாசிக்கும் நடுவிலே இருக்கிற இடைவெளிகளை மட்டும் கீறுங்கள்."

எனக்கு இது என்ன கூத்தென்று இருந்தது. பையன்கள் வளைந்த முக்கோணம், பிறை, கோணல் சதுரம் என்று ஏதேதோ வெளிகளை ஒன்றன் பக்கத்திலே ஒன்றாக வரைந்தார்கள். அரை மணித்தியாலத்திலே, ஒரு கோடும் தீட்டப்படாத நடராசர் அந்த வெளிகளின் நடுவிலே தூக்கிய திருவடியோடு நின்றார். சிதம்பரத்தை ஆகாயத் தலம் என்றும், அம்பலம் என்பது வெளி என்றும் நான் எத்தனை முறை வகுப்பிலே சொல்லியிருப்பேன்! கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தோறும் போகும் பையன்கள் இவர்கள். அந்தக் கோயிலின் பெயருக்குப் பொருள், என்னுடைய விளக்கத்தாலன்றி ஒரு பென்சிலால் அவர்களுக்குத் தெரிந்தது. அவர்களுக்கு மட்டுமா? எனக்குந்தான்.

தகப்பனார் கூட்டி வந்த அந்தப் பையனைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அவன் பதினோராம் ஆண்டிலே இருந்தபோது, உவமை படிப்பிக்கையில் பாடத்துக்குச் சற்று வெளியே போய் நெடுநல்வாடையைச் சொன்னேன். பாசறையில் இருக்கும் பாண்டியனைப் பிரிந்து, அணிகலன்களைக் களைந்து, கட்டிலிலே இருக்கும் அரசியை நக்கீரர் வண்ணம் தீட்டாத ஓவியத்துக்கு ஒப்பிடுகிறார். நச்சினார்க்கினியரும் வடிவத்தை மட்டும் கோட்டாலே காட்டிய சித்திரம் என்ற கருத்திலேதான் உரை செய்கிறார். வெள்ளவத்தை 57 ஆம் ஒழுங்கையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் உட்கார்ந்து பத்துப்பாட்டைப் படித்த நாளிலிருந்து, அழகு குறைந்து போனாள் என்பதே இதன் கருத்தென்று நான் எண்ணியிருந்தேன். வகுப்பிலும் அப்படியே சொன்னேன்.

பின் வாங்கிலிருந்து அவன் எழும்பினான். "அப்பிடி இல்லை சேர். வர்ணம் பூசினால் பிழையை மறைக்கலாம். கோடு மட்டும் இருக்கேக்கை ஒண்டையும் மறைக்க ஏலாது. அந்தப் படம் வடிவாய் இருந்தால், அது உண்மையிலேயே வடிவு."

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய் அந்தப் பகுதியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். உவமைக்குச் சற்றுப் பின்னாலே, கட்டிலின் மேற்கட்டியில் ஒரு படம் வருகிறது. மெழுகு பூசிய சீலையிலே, மேட இராசி முதலாகச் சூரியன் செல்லும் வீதியும், திங்களைப் பிரியாத உரோகிணியும் வரையப்பட்டிருக்கின்றன. அரசி அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். வண்ணந் தீட்டாத ஓவியம், வரைந்து முடித்த ஓவியத்தை நிமிர்ந்து பார்க்கிறது! இரண்டு ஓவியங்களையும் நக்கீரர் எதிரெதிரே வைத்திருப்பதை, இத்தனை காலம் படித்தும் நான் காணவில்லை. பொழிப்புரையைத் தெரிந்து வைத்திருந்தேன்; அவ்வளவுதான். செம்பின் வாய் வட்டம் என்று தெரிந்திருந்ததைப் போல.

மறுநாள் தகப்பனார் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். உழைப்பைப் பற்றித்தான் முதலிலே கேட்டார், கேட்பது நியாயந்தானே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே சித்திரமும் வடிவமைப்பும் பட்டப் படிப்பாக இருப்பதையும், மட்டக்களப்பிலே சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருப்பதையும், கொழும்பிலே பழையவர்கள் 'ஹேவூட்' என்று சொல்லும் கலைக்கூடம் 2005 இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டதையும் சொன்னேன். தமிழ் மூலப் பாடசாலைகளுக்குச் சித்திர ஆசிரியர் தேவைப்படுகிறார்கள் என்றும் சொன்னேன். உத்தியோகம் நிச்சயம் என்று மட்டும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லப் புவியியலுக்கும் என்னால் முடியாது.

அவர் சமாதானமாகவில்லை. நான் பேச்சை நிறுத்திவிட்டுச் சித்திரக் கொப்பியை அவரிடம் நீட்டினேன். முதலிலே புனித லூசியாள் பேராலயத்தின் கோபுரக் கூண்டு. பிறகு ஜம்பட்டா வீதியில் ஒரு கைவண்டி. அவர் ஒற்றைகளைக் கணக்குப் புத்தகம் போலப் புரட்டிக்கொண்டு போனார். ஓரிடத்திலே கை நின்றது. அவருடைய கடை மேசை, தராசு, கடதாசியில் பருப்புச் சுற்றும் இரண்டு கைகள். முகம் வரையப்படவில்லை. வர்ணமும் இல்லை, பென்சில் மட்டும்.

நெடுநேரம் பார்த்தார். "இந்த விரல்..." என்று தமது வலக்கைச் சுட்டுவிரலைத் தூக்கிப் பார்த்தார். அதன் நுனி சற்று வளைந்திருந்தது. "சின்னனிலை கதவுக்கை நசிஞ்சது. இவனுக்கு நான் சொன்னதில்லை" என்றார்.

பையன், "சொல்லத் தேவையில்லை அப்பா, தெரியுது" என்றான்.

படிவத்தை என்னிடமிருந்து வாங்கி, எழுதியிருந்ததை வெட்டாமலே கையெழுத்துப் போட்டார். "நீங்களும் பொறுப்பு, சேர்" என்று ஒரு சொல்லும் சொல்லிவிட்டுப் போனார். பையன் இப்போது பன்னிரண்டாம் ஆண்டு. பரீட்சைக்கு இன்னும் காலம் இருக்கிறது. கொட்டாஞ்சேனைப் பக்கம் போக நேர்ந்தால், அந்தக் கடையிலேதான் நான் பருப்பு வாங்குகிறேன். அவர் சுற்றும்போது நானும் அந்த விரலைப் பார்க்கிறேன்.