துருவும் தகடும்



தேனியிலிருந்து தெற்கே கடமலைக்குண்டு வழியாகச் சென்றால் வருசநாட்டை அடையலாம். வைகை ஆறு பிறக்கும் மலைநாடு அது. தார்ச்சாலை முடிந்தபின், கல்லும் ஓடையும் குறுக்கிடும் பாதைகளில் மலைச் சிற்றூர்களுக்கு ஏறிச் செல்ல ஜீப்பு வண்டியையே மக்கள் பெரிதும் நம்பியிருக்கிறார்கள். கம்பம், தேவாரம், போடி முதலிய ஊர்களிலிருந்து ஏலத்தோட்டத் தொழிலாளர்களை விடியற்காலையில் இடுக்கி மலைக்கு ஏற்றிச் செல்வதும் அவ்வண்டியே. இரண்டாம் உலகப் போருக்கென அமெரிக்காவில் உருவான ஜீப்பு, 1940-களின் இறுதியில் அந்நாளைய பம்பாயில் மகிந்திரா நிறுவனத்தாரால் பூட்டி இணைக்கப்பெற்று நம் நாட்டில் பரவியது. பழைய ஜீப்பின் இயந்திரம் தேய்ந்தால் வேறு மாற்றலாம். உடலை அரிக்கும் துருவை என்ன செய்வது? அதனையே இன்று ஆராய்வோம்.

முதலில் எங்கள் வீட்டு நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பழைய ஜீப்பில் ஓட்டுநர் காலடித் தகட்டில் துரு கண்டது. அதன் மேலேயே பட்டி பூசி, வர்ணம் அடித்துவிட்டோம். வண்டி பார்வைக்குப் புதிதாயிற்று. ஐப்பசி, கார்த்திகை மழை கழிந்தது. தை மாதத்தில் ஒரு நாள், என் தந்தையார் ஏறி அமர்ந்து காலை ஊன்றியதும், குதிகால் தகட்டைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. வண்டி அப்போது நின்றுகொண்டிருந்தமையால் சிராய்ப்போடு போயிற்று. நாங்கள் துருவை நீக்கவில்லை. அது கண்ணுக்குத் தெரியாதபடி மூடி மட்டுமே வைத்திருந்தோம்.

துரு என்பது யாது? இரும்பு, நீரும் ஆக்ஸிஜனும் ஒருங்கே கிடைக்குமிடத்தில் அவற்றோடு கூடி மாறும் பொருளே துரு. இம்மாற்றம் ஒரு சிறு மின்கலத்தில் நிகழ்வது போன்ற மின்வேதி வினையாகும். உப்பு கலந்த நீர் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால் அரிப்பு விரைகிறது. உரமூட்டை ஏற்றும் ஜீப்புகளில் சிந்திய உரத்தைக் கழுவாமல் விட்டால் தகடு சீக்கிரம் கெடுவதற்குக் காரணம் இதுவே. செம்பின் மீது படியும் பச்சைப் படலம் உள்ளிருக்கும் செம்பை ஓரளவு காக்கும். துருவோ நுண்துளைகள் உடையது. ஈரத்தை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். அன்றியும் அது இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்வதால், மேலே பூசிய வர்ணம் கொப்புளித்து உதிர்கிறது.

இனிப் பழுது பார்க்கும் முறையைக் காண்போம். விரிப்பை எடுத்துவிட்டு, சேற்றைக் கழுவி, வண்டியை நன்கு உலர்த்துக. சிறு சுத்தியலால் தகட்டைத் தட்டிப் பார்த்தால் நல்ல இடம் கணீரென ஒலிக்கும். அரித்த இடம் பொத்தென்று ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தைத் திருப்புளி முனையால் அழுத்திப் பார்க்கலாம்.

மேலோட்டமான துருவாயின், கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். குழிகளில் எஞ்சுவதற்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி உண்டு. வீட்டில் செம்புப் பாத்திரத்தின் களிம்பைப் புளி போக்குவது போல இவ்வமிலம் துருவைக் கரைக்கும். இரும்பின்மேல் மெல்லிய பாஸ்பேட் படலத்தையும் உண்டாக்கும். பின்னர்ப் புட்டியில் அச்சிட்டுள்ள முறைப்படி துடைத்து உலர்த்தி, அன்றைக்கே பிரைமர் பூசுதல் வேண்டும். வெறும் இரும்பு ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே மீண்டும் துருப்பிடிக்கும்.

ஓட்டை விழுந்திருந்தால் பட்டியால் அடைத்தல் கூடாது. நல்ல இரும்பு எட்டும்வரை வெட்டியெடுத்து, அதே கனமுள்ள தகட்டை வைத்துப் பற்றவைக்க வேண்டும். ஒரே இடத்தில் சூடு மிகுந்தால் தகடு நெளியுமாதலால், இடம் விட்டு இடம் புள்ளியிட்டுப் பற்றவைப்பர். அதற்கு முன் மின்கலத்தின் இணைப்பைக் கழற்றி, எரிபொருள் தொட்டியையும் அகற்றிவிட வேண்டும். இவ்வேலையில் பயிற்சி இல்லாதோர் அதனைப் பட்டறைக்கு விடுவதே அறிவுடைமை. பற்றவைத்த இடத்தின் அடிப்புறத்திற்கும் பிரைமரும் வர்ணமும் தேவை. பட்டி, மேற்பரப்பைச் சமன் செய்ய மெல்லிதாகப் பூசுவதற்கு மட்டுமே உரியது. தேய்க்கும்போது கண்ணாடியும் முகமூடியும் அணிக; பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும்.

ஓர் எல்லையையும் நினைவிற் கொள்ளுங்கள். உடல் தகடு வேறு. வண்டியின் பாரத்தைத் தாங்கும் அடிச்சட்டம் வேறு. சட்டத்திலோ, வில்கள் பொருந்தும் இடங்களிலோ அரிப்புக் கண்டால், அது வீட்டில் செய்யும் வேலையன்று. தேர்ந்த கைவினைஞர் பார்த்துச் சீர்செய்யும்வரை அவ்வண்டி மலையேறலாகாது. கொண்டை ஊசி வளைவில் அச்சட்டத்தை நம்பித்தான் தோட்டத்துப் பெண்கள் பின்னால் அமர்ந்திருக்கிறார்கள்.

துருவை ஆராய்வது அற்பத் தொழில் என்று எண்ணாதீர்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, காரைக்குடியில் 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953-இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோக அரிப்பைத் தன் முதன்மையான ஆய்வுத் துறைகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. உங்களிற் சிலர் நாளை அங்கே பணி செய்யலாம்.

அதுவரை, வீட்டிலுள்ள தோசைக்கல்லைப் பாருங்கள். எண்ணெய் தடவிப் பழக்கிய கல் துருப்பிடிப்பதில்லை; கழுவி ஈரத்தோடு போட்ட கல் மறுநாளே சிவக்கிறது. ஓடையைக் கடந்து வீடு திரும்பிய ஜீப்பிற்கும் இதே விதிதான். சேற்றைக் கழுவுங்கள், நீர் வடியும் துளைகளை அடைபடாமல் வையுங்கள், ஈர விரிப்பை வெயிலில் உலர்த்துங்கள். துரு கண்டால் மூடாமல், திறந்து பாருங்கள்.